மழைக்குப் பொறுப்பானவர் யார்? தமிழர் சமூக வரலாற்றில் இயற்கையும் கடப்பாடும்

மழை பொய்த்தால் அதற்கு விடை கூறவேண்டியவர் யார் என்னும் வினா இன்றைய வாசகருக்கு விந்தையானதாகத் தோன்றலாம். காற்றும் முகிலும் கடலும் தத்தமக்குரிய விதிகளின்படி இயங்குகின்றன. மனிதர் எவரும் அவற்றுக்குப் பொறுப்பாளியாகார் என்பதே பாடசாலைக் கல்வி நமக்குக் கற்பித்துள்ள முடிபாகும். ஆயின் மனிதகுல வரலாற்றின் மிக நீண்ட காலப்பகுதியில் இவ்வினா பொருளுடையதாகவே இருந்து வந்துள்ளது. இயற்கையின் ஆற்றல்களுக்குத் தாம் கடப்பாடுடையோம் என்ற உணர்வும், அக்கடப்பாட்டை நிறைவேற்றும்படி தெய்வத்தாற் சிலர் அழைக்கப்படுகின்றனர் என்ற நம்பிக்கையும் பல்வேறு சமுதாயங்களிற் காணப்படுகின்றன. தமிழர் சமூக வரலாற்றிலும் இவ்வுணர்வு தொடர்ச்சியாகத் தொழிற்பட்டுள்ளது. அதனை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதும், முன்னோரின் மெய்ஞ்ஞானம் என்று போற்றுவதும் ஆய்வாகா. அவ்வுணர்வு எச்சமூக அமைப்பிற் பிறந்தது, யார் யார் மீது சுமத்தப்பட்டது, யாருக்குப் பயன்பட்டது, யாரைப் பலிகொண்டது என்பனவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. குழுவின் கடனும் அழைக்கப்பட்டவனும்

சங்க இலக்கியத்தில் மழையோடு தொடர்புற்ற சடங்கு பற்றிய தெளிவான சான்றுகளுள் ஒன்று புறநானூற்றின் 143ஆம் பாடலில் உள்ளது. பேகனை நோக்கிக் கபிலர் பாடிய அப்பாடலிற் குறவர்களின் வழிபாடு ஒன்று குறிப்பிடப்படுகின்றது. மலை மீது மழை பெய்யவேண்டும் என்று அவர்கள் பலி தூவி வேண்டுகின்றனர். மழை மிகுந்துவிட்டபோது அது மேலெழுந்து நீங்குமாறு மீண்டும் கடவுளைப் பேணுகின்றனர். பின்னர் மகிழ்ச்சியுடன் புனத்தின் தினையை உண்கின்றனர். இச்செய்தியில் நாம் மனங்கொள்ளத்தக்கவை இரண்டு. முதலாவதாக, மழையை வேண்டுவோர் மழையின் அளவையும் வேண்டுகின்றனர். மிகுதியும் குறைவும் புனத்துக்குக் கேடு என்பதை நன்கறிந்த உழைப்பாளரின் வேண்டுதல் அது. இரண்டாவதாக, அவ்வழிபாட்டினை நிகழ்த்துவோர் குறவர் மக்கள் அனைவருமே. அங்கு மன்னன் இல்லை; கடவுளுக்கும் குழுவுக்கும் இடையே நிற்கும் குருமார் எவரும் சுட்டப்படவுமில்லை. உழைப்பும் சடங்கும் உணவும் குழுவுக்குப் பொதுவாயிருந்த நிலையில், இயற்கைக்குச் செலுத்தவேண்டிய கடனும் பொதுவாகவே இருந்தது.

ஜோர்ஜ் தொம்சன் கிரேக்கச் சமுதாயத்தை ஆராய்ந்தவிடத்து, மந்திரச் சடங்கு என்பது உண்மையான தொழில்நுட்பத்தின் போதாமையை நிறைவு செய்யும் கற்பனைத் தொழில்நுட்பம் என்று விளக்கினார். சடங்கினால் முகில் அசைவதில்லை. ஆயின் சடங்கினைச் செய்த மனிதர் அசைவுறுகின்றனர். ஒருங்கு திரளவும், அச்சம் நீங்கவும், தொழிலில் ஊக்கமுடன் இறங்கவும் அது அவர்களை ஆயத்தப்படுத்துகின்றது. குறவரின் மழை வழிபாட்டினை இந்நோக்கிற் காணும்போது அது அறியாமையின் வெளிப்பாடாக மட்டும் அமையவில்லை என்பது புலனாகும். கூட்டுழைப்பின் மனவடிவமாகவும் அது விளங்கிற்று.

எனினும் குறிஞ்சி நிலத்திலேயே வேறொரு போக்கின் தொடக்கத்தையும் நாம் காண்கின்றோம். அகப்பாடல்களில் இடம்பெறும் வேலன், தெய்வத்தால் ஆட்கொள்ளப்பட்டவன். முருகு அவன்மீது ஏற, அவன் வெறியாடி, நோயின் காரணத்தைக் கூறுகின்றான். கட்டுவிச்சியும் அகவன்மகளும் நெல்லைக் கொண்டு குறி பார்த்துக் கூறுகின்றனர். குழுவில் யாவருக்கும் பொதுவாயிருந்த தெய்வத் தொடர்பு சிலருக்கு உரியதாகச் சுருங்கும் நிலை இது. தெய்வம் தன்னை அழைத்தது என்ற உணர்வு அவ்வாறு அழைக்கப்பட்டவனுக்கு மதிப்பையும் தருகின்றது, சுமையையும் தருகின்றது. அவன் கூறுவது பலிக்கவேண்டும். பலிக்காதவிடத்து எள்ளலுக்கு ஆளாகவேண்டும். அகப்பாடல்களிற் பல, தலைவியின் நோய் காதலால் வந்தது என்பதறியாது வெறியாடும் வேலனைத் தோழி வாயிலாக எள்ளுகின்றன. தெய்வ அழைப்பினை ஐயுறும் குரலும் அதே சமுதாயத்தில், அதே பாடல்களில், பெரும்பாலும் பெண்ணின் வாயிலிருந்து ஒலித்தது என்பது கருதத்தக்கது.

2. மன்னனும் வானமும்

வேளாண்மை மருதநில ஆற்றுச் சமவெளிகளில் விரிவுற்று, உபரி உற்பத்தி பெருகி, வேந்தரது அதிகாரம் நிலைபெற்ற காலத்தில் மழைக்கான பொறுப்பு இடம் மாறுகின்றது. அது இப்போது மன்னனுக்குரியதாகின்றது. இம்மாற்றம் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. 1890இல் வெளிவந்த 'பொற்கிளை' என்னும் தமது நூலில் ஜேம்ஸ் பிறேசர், தொன்மைச் சமுதாயங்களில் மழையை வருவிப்பவனாகக் கருதப்பட்டவனே பலவிடங்களில் அரசனாக உயர்ந்தான் என்றும், அவனது ஆற்றல் குன்றியபோது அவன் ஒறுக்கப்பட்டான் என்றும் வாதிட்டார். அவரது முடிபுகளிற் பல பின்வந்த மானிடவியலாளரின் கண்டனத்துக்குள்ளாயின. ஆயினும் அதிகாரத்தை ஏற்பவன் இயற்கைக்கும் விடைகூறக் கடமைப்பட்டவன் என்ற எண்ணம் பரந்துபட்டது என்பதில் ஐயமில்லை.

சங்கப் புறப்பாடல்களில் இவ்வெண்ணம் இருவகையாகத் தொழிற்படுகின்றது. ஒருவகை புகழ்ச்சி. மன்னனின் செங்கோலால் மழை பருவம் தப்பாது பெய்கின்றது, கோள்கள் நெறி பிறழ்வதில்லை என்று கூறும் மரபு அது. மன்னனே உலகின் உயிர் என்று மோசிகீரனார் கூறும் கருத்தும் (புறநானூறு 186) இதனோடு ஒத்ததே. பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமது தமிழ் வீரநிலைப் பாடல்கள் பற்றிய ஆங்கில நூலில் எடுத்துக்காட்டியவாறு, பாணரும் புலவரும் புரவலரைச் சார்ந்து வாழ்ந்த சூழலிற் பிறந்த பாடல்கள் இவை. அவற்றின் புகழ்ச்சி, அதிகாரத்துக்கு இயற்கையின் ஒப்புதலைப் பெற்றுக் கொடுத்தது.

இரண்டாவது வகை புகழ்ச்சியைப் புரட்டிப் போடுகின்றது. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை வெள்ளைக்குடி நாகனார் பாடிய பாடல் (புறநானூறு 35) அதற்கு மிகச் சிறந்த சான்றாகும். மழை பெய்யாது போனாலும், விளைச்சல் குன்றினாலும், மக்களின் செயலில் இயல்பல்லாதவை தோன்றினாலும் இவ்வுலகம் மன்னரையே பழிக்கும் என்கின்றார் புலவர். அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. மன்னன் போர்க்களத்திற் பெறும் வெற்றியே உழுபவனின் கொழுமுனையிற் பிறந்தது. ஆகவே உழவரைப் பேணுக என்று வற்புறுத்துகின்றார். பாடலின் கொளுக் குறிப்பு மேலும் ஒரு செய்தியைத் தருகின்றது: இப்பாடலைப் பாடிய புலவர் தமது நிலத்தின் மீதிருந்த பழைய வரிக்கடனை நீக்குவித்துக் கொண்டார் என்பதே அது. மழைக்கு மன்னன் பொறுப்பாளி என்ற நம்பிக்கை இங்கு வரிவிலக்குக்கான வாதமாக மாறிவிட்டது. அதிகாரத்துக்குத் துணைநின்ற கருத்தொன்று, அவ்வதிகாரத்திடம் உழவர் தமது உரிமையைக் கேட்பதற்கான கருவியாகவும் பயன்பட்டமை நமது சிறப்பான கவனத்துக்குரியது.

இதனினும் ஒருபடி மேலே செல்கின்றது, தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைக் குடபுலவியனார் பாடிய பாடல் (புறநானூறு 18). உடம்பு உணவால் ஆயது. உணவு என்பது நிலமும் நீரும் சேர்ந்த சேர்க்கை. அவ்விரண்டையும் ஒன்றுசேர்த்தவரே உடம்பையும் உயிரையும் படைத்தவர் என்பது அவரது தருக்கம். வித்திவிட்டு வானத்தை நோக்கியிருக்கும் புன்செய் நிலம் எவ்வளவு பரந்ததாயினும் மன்னனின் முயற்சிக்கு உதவாது. எனவே பள்ளமான இடங்களில் நீரைத் தேக்குக என்று அவர் அறிவுறுத்துகின்றார். மன்னனின் கடப்பாட்டை இவர் மறுக்கவில்லை. அதன் பொருளை மாற்றிவிடுகின்றார். வானத்தை இசைவிப்பவனாக அன்றி, மண்ணை வெட்டி நீரை நிறுத்துபவனாக மன்னன் இருக்கவேண்டும் என்கின்றார். நாகனார் பாடலையும் இதனையும் அடுத்தடுத்து வைத்து நோக்குமிடத்து, மழை பற்றிய கடப்பாடு நம்பிக்கையிலிருந்து செயலை நோக்கி நகரும் ஒரு சிந்தனைப் போக்கினை நாம் இனங்காண முடிகின்றது.

திருக்குறளில் இவ்விரு போக்குகளுக்கும் இடையேயான முரண் வெளிப்படையாகவே அமைந்துள்ளது. கடவுள் வாழ்த்துக்கு அடுத்ததாக வைக்கப்பட்ட வான்சிறப்பு என்னும் அதிகாரம், மழையின்றேல் உழவில்லை, பூசையில்லை, தானமும் தவமுமில்லை, ஒழுக்கமே இல்லை என்கின்றது. அறம் மழையைச் சார்ந்தது என்பதே இதன் பொருள். கொடுங்கோன்மை அதிகாரத்தின் இறுதிப் பகுதியிலோ, மன்னன் முறைதவறினால் வானம் பெய்யாது என்று கூறப்படுகின்றது. இங்கு மழை அறத்தைச் சார்ந்ததாகின்றது. முதற்கூற்று உற்பத்தி அடித்தளத்தை ஏற்பது. இரண்டாவது ஆட்சியாளனைக் கட்டுப்படுத்த முயல்வது. எழுத்திலமைந்த அரசியற் சட்டமோ மக்கள் மன்றமோ மன்னனைத் தடுக்கவியலாத காலத்தில், வானத்தைச் சாட்சிக்கு அழைப்பதைத் தவிர வேறு வழி அறநூலாருக்கு இருக்கவில்லை போலும்.

3. பொறுப்பு இடம்பெயர்தல்: பத்தினியும் பொற்கொல்லரும்

கடப்பாடு மன்னனைக் கட்டுப்படுத்தியது என்பது உண்மையின் ஒரு பாதியே. அதிகாரம் படைத்தோர் தம்மீது விழுந்த பொறுப்பைப் பிறர்மீது ஏற்றவும் வல்லவர். சங்க காலத்துக்குப் பிற்பட்ட நூல்களில் இதனை நாம் தெளிவாகக் காணலாம்.

முதலாவதாக, மழைப் பொறுப்பு பெண்ணின் கற்பின்மீது சுமத்தப்பட்டது. தெய்வத்தைத் தொழாது கணவனைத் தொழும் மனைவி ஆணையிட்டால் மழை கீழ்ப்படியும் என்னும் கருத்து வாழ்க்கைத் துணைநலம் என்ற அதிகாரத்தில் இடம்பெறுகின்றது. இது பெண்ணை உயர்த்துவதாகவே பெரிதும் எடுத்துரைக்கப்பட்டு வந்துள்ளது. ஆயின் மணிமேகலையின் சிறைசெய் காதை இக்கருத்து நடைமுறையில் என்ன பொருளைத் தந்தது என்பதைக் காட்டிவிடுகின்றது. மருதி என்னும் பார்ப்பனப் பெண் காவிரியில் நீராடி வரும் வழியில் அரசகுமாரன் ஒருவனால் இடருறுத்தப்படுகின்றாள். பிறன் ஒருவன் உள்ளத்திற் புகுந்துவிட்டோமே என்று வருந்தி, சதுக்கப்பூதத்திடம் சென்று முறையிடுகின்றாள். பூதம் அவளுக்குக் கூறும் விடை குறிப்பிடத்தக்கது. நீ கதைகளை விரும்பிக் கேட்டாய். விழாக்களை விரும்பிச் சென்றாய். பிற தெய்வங்களைத் தொழுதாய். ஆகையால் நீ ஏவினால் மழை பெய்யாது என்கின்றது பூதம். இடருறுத்தியவன் இளவரசன், அவனைத் தந்தையாகிய ககந்தன் பின்னர் வாளால் ஒறுக்கின்றான் என்பதும் உண்மையே. ஆயினும் முதலில் ஆராயப்பட்டது முறையிட வந்த பெண்ணின் ஒழுக்கமே. மழையை ஏவும் ஆற்றல் என்ற பெருமை, கதை கேட்கவும் விழாக் காணவும் கூடாதென்ற விலங்காக அவள் காலிற் பூட்டப்பட்டது.

இரண்டாவதாக, பொறுப்பு உழைக்கும் குழுவொன்றின்மீது கொடூரமாக இறக்கப்பட்டது. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை தரும் செய்தி பலரும் அறிந்ததாயினும், அதன் சமூகப் பொருள் போதியளவு எடுத்துரைக்கப்படவில்லை. கோவலன் கொலையுண்ட நாள் தொட்டுப் பாண்டி நாடு மழைவளம் இழந்து, வறுமையும் வெப்புநோயும் கொப்புள நோயும் தொடர்ந்தன என்றும், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலிகொடுத்துக் கண்ணகிக்கு விழாச் செய்ய, மழை பெய்து துன்பம் நீங்கிற்று என்றும் அது கூறுகின்றது. கோவலன்மீது பழி சுமத்தியவன் ஒரு பொற்கொல்லன். ஆராயாது தீர்ப்பளித்தவன் மன்னன். காப்பியத்தில் அம்மன்னன் தன் தவற்றை உணர்ந்து உயிர்விட்டான். அதனாற் செங்கோல் நிமிர்ந்தது என்று காப்பியம் அமைதி காண்கின்றது. வானத்துக்கான கடனையோ குற்றத்திற் பங்கே பெறாத ஆயிரவர் தம் உயிரால் தீர்த்தனர். இது நடந்த வரலாறா, காப்பியக் கற்பனையா என்பது வேறு வினா. இத்தகைய தீர்வை நூலும் அதன் கேட்போரும் இயல்பானதாகக் கொண்டனர் என்பதே இங்கு நமக்கு வேண்டிய வரலாற்றுச் செய்தியாகும்.

மணிமேகலை காட்டும் இந்திரவிழாச் செய்தி இவற்றிலிருந்து சிறிது வேறுபடுகின்றது. 28 நாள் நிகழவேண்டிய அவ்விழா கைவிடப்பட்டால் காவற்பூதம் இடர் செய்யும் என்ற எச்சரிக்கை இருந்தது. நெடுமுடிக்கிள்ளி தன் மகனை இழந்த துயரில் விழாவை மறந்தான். புகார் நகரைக் கடல் கொண்டது. ஒரு தனிமனிதனின் துயரும் மறதியும் ஒரு நகரத்தின் அழிவுக்குக் காரணமாதல் இங்கு காட்டப்படுகின்றது. அதிகாரம் ஒருவனிடம் குவிந்தபோது கடப்பாடும் ஒருவனிடம் குவிந்தது; அவன் தளர்ந்தால் அனைவரும் அழிவர். குறவரின் பொது வழிபாட்டிலிருந்து சமுதாயம் எத்துணைத் தூரம் வந்துவிட்டது என்பதை இதனால் அளந்தறியலாம்.

4. ஏரி வாரியமும் கணக்கும்

குடபுலவியனார் சுட்டிய வழி பிற்காலத்தில் நிறுவன வடிவம் பெற்றது. முதலாம் பராந்தகன் காலத்தைச் சேர்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இதற்குத் தக்க சான்றாகும். 30 குடும்புகளிலிருந்து குடவோலை மூலம் தெரிவு செய்யப்பட்டோருள் 12 பேர் சம்வற்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் அமர்த்தப்பட்டனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவரும் அவரது உறவினரும் மீண்டும் தெரிவுக்குரியவர் ஆகார் என்று கல்வெட்டு விதிக்கின்றது.

நீருக்கான பொறுப்பு இங்கு முற்றிலும் புதியதொரு மொழியிற் பேசப்படுகின்றது. தெய்வ அழைப்பு அங்கு இல்லை. தகுதியும் காலவரையறையும் கணக்கும் உள்ளன. இயற்கைக்கு விடைகூறுதல் என்பது ஊருக்குக் கணக்குக் காட்டுதலாக மாறியுள்ளது. ஆயினும் இதனைப் பண்டைய மக்களாட்சி என்று புகழ்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். உத்தரமேரூர் ஒரு பிரமதேயம். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவராகவும் வேதப் பயிற்சி உடையவராகவும் இருந்தோரே அடிப்படைத் தகுதி பெற்றனர். ஏரியின் சேற்றை வாரியோரும் மடை திறந்தோரும் குடவோலையிற் பெயர் எழுதப்படும் உரிமை பெற்றிலர். பொறுப்பு அறிவார்ந்த வடிவம் பெற்றது. ஆயின் நிலவுடைமையின் எல்லைக்குள்ளேயே பெற்றது.

ஈழத்திலும் இதனோடொத்த வளர்ச்சி காணப்படுகின்றது. வானிலிருந்து விழும் நீர் மக்களுக்குப் பயன்படாமற் கடலைச் சேரலாகாது என்ற கொள்கையை முதலாம் பராக்கிரமபாகுவின் (1153-1186) கூற்றாகச் சூளவம்சம் பதிந்துள்ளது. திருகோணமலைப் பிரதேசத்தின் தமிழ் மரபிற் குளக்கோட்டன் கோணேசர் கோயிலோடு கந்தளாய்க் குளத்தையும் தொடர்புறுத்தும் பெயராகத் திகழ்கின்றான். குளமும் கோட்டமும் ஒரே பெயரில் இணைந்திருத்தல் தற்செயலானதன்று. கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் கோயிற் கடமைகளைக் குடி குடியாக வகுத்துரைக்கின்றது. நீரைக் காக்கும் கடனும் தெய்வத்துக்குச் செய்யும் கடனும் பிரித்தறியப்படாத ஓர் ஒழுங்கு அது.

5. மட்டக்களப்பின் குளிர்த்தி

இவ்வாய்வு ஏட்டுச் செய்திகளோடு முடிவடைவதன்று. சிலப்பதிகாரம், கடல்சூழ் இலங்கைக் கயவாகு கண்ணகிக்குக் கோட்டம் அமைத்து ஆடித் திங்களில் விழா எடுக்க, மழை பொய்யாது பெய்து விளைவு பெருகிற்று என்று கூறுகின்றது. இந்நாட்டின் சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்யோ வழிபாடாகவும், கீழ்மாகாணத் தமிழரிடையே கண்ணகையம்மன் வழிபாடாகவும் அது இன்றுவரை நிலைத்துள்ளது. சிங்கள மரபு பற்றிக் கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பெருநூலும், வி. சீ. கந்தையா 1968இற் பதிப்பித்த கண்ணகி வழக்குரையும் இத்துறை ஆய்வாளருக்கு இன்றியமையாதன.

மட்டக்களப்புப் பிரதேசத்தில் வைகாசித் திங்களில் அம்மன் கோயிற் கதவுகள் திறக்கப்பட்டுச் சடங்குகள் நிகழ்கின்றன. வழக்குரை பாடப்படுகின்றது. மதுரையை எரித்த தெய்வத்தின் வெம்மை தணியுமாறு இறுதியிற் குளிர்த்தி பாடப்படுகின்றது. வைகாசி அப்பிரதேசத்தின் வறண்ட காலத்தில் அமைவது. வெப்பமும் கொப்புள நோய்களும் அஞ்சப்பட்ட காலமும் அதுவே. தெய்வத்தின் சினம், வெயிலின் கொடுமை, உடலின் காய்ச்சல் ஆகிய மூன்றும் ஒன்றாகவே உணரப்படுகின்றன. அம்மூன்றையும் குளிர்விப்பது மனிதரின் கடனாகக் கொள்ளப்படுகின்றது. மழையின்மையும் கொள்ளைநோயும் வந்தவிடத்து நிகழ்ந்த கொம்புமுறி விளையாட்டில் ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரு பகுதியாகப் பிரிந்து, கொளுவிய கொம்புகளை வடம் பூட்டி இழுத்தது. சிங்கள மக்களிடையே நிலவிய அங்கெலிய இதன் உடன்பிறப்பாகும். இரு மொழியினரும் ஒரே வானத்தை நோக்கி ஒரே விளையாட்டை ஆடினர் என்பது இந்நாட்டின் வரலாற்றை எழுதுவோர் மறக்கலாகாத செய்தியாகும்.

இச்சடங்குகளிற் பழைய அடுக்குகள் பலவும் ஒருங்கே கிடப்பதை நாம் காணலாம். தெய்வம் ஏறி ஆடுவோரிடம் வேலனின் சாயல் உண்டு. அம்மனின் பூசகரான கட்டாடியார் நோன்பும் தூய்மையும் காத்துத் தம்மையே அக்கடமைக்கு ஒப்புக் கொடுக்கின்றார். வண்ணக்கரும் குடிகளும் பங்கிட்டுக்கொள்ளும் கடமைகளில் ஊரின் கூட்டுப் பொறுப்பு தெரிகின்றது. அதே பங்கீட்டிற் சாதிப் படிநிலையும் உறுதியாகப் பதிந்துள்ளது. யார் எங்கு நிற்கலாம், யார் எதைத் தொடலாம் என்பன முன்னரே வரையறுக்கப்பட்டவை. ஆகையால் இதனைச் சமத்துவக் குழுவாழ்வின் எச்சம் என்று மட்டும் கூறிவிடுதல் பொருந்தாது. குறவரின் பொதுமையும் உத்தரமேரூரின் எல்லைக்கோடும் ஒரே கோயில் முற்றத்திற் சேர்ந்து நிற்கின்றன.

19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துச் சைவச் சீர்திருத்தம் ஆகம நெறிக்குப் புறம்பான ஊர்த்தெய்வ வழிபாடுகளைக் கண்டித்தது. ஆறுமுக நாவலரின் கண்டனத்துக்குக் கண்ணகி வழிபாடும் தப்பவில்லை. காலப்போக்கில் வடபுலத்துக் கண்ணகி கோயில்கள் பல ஆகம அம்மன் கோயில்களாயின. உயிர்ப்பலி போன்ற வழக்கங்கள் அருகியமையை நாம் வரவேற்கலாம். ஆயின் அச்சீர்திருத்தம் ஊர் மக்கள் தாமே ஏற்றிருந்த ஒரு கடப்பாட்டினை அகற்றியபோது, அதற்கு ஈடாக நீரையும் நிலத்தையும் பற்றிய புதிய பொறுப்புணர்வு ஒன்றைத் தரவில்லை. பத்தி தூய்மையுற்றது, குளத்தங்கரை அதன் பார்வையிலிருந்து விலகிற்று.

6. குடியேற்ற ஆட்சியும் கடப்பாட்டின் சிதைவும்

இதே நூற்றாண்டிற் பொருளியல் தளத்தில் நிகழ்ந்த மாற்றம் இதனினும் ஆழமானது. 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியத்திலிருந்து மக்கள் விடுதலை பெற்றமை முற்போக்கானதே. ஆயின் குளங்களையும் வாய்க்கால்களையும் ஆண்டுதோறும் செப்பனிட்டு வந்த கூட்டுழைப்பும் அதனோடு வலிதளர்ந்தது. ஊழியத்தின் கொடுமையை நீக்கிய ஆட்சி, ஊழியம் செய்துவந்த பணியை யார் செய்வது என்பதற்கு விடை தரவில்லை. கால் நூற்றாண்டு கழித்து 1856இல் நிறைவேற்றப்பட்ட நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் ஊர் வழக்கங்களை மீண்டும் உயிர்ப்பிக்க முயன்றது. ஆளுநர் ஹென்றி வோட் காலத்தில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் செப்பனிடப்பட்டன. கீழ்மாகாணத்தில் வட்டைவிதானைமார் வயல்வெளியின் நீர்ப் பங்கீட்டுக்குப் பொறுப்பாயினர். அப்பதவி நிலவுடையோர் கையிலேயே பெரிதும் இருந்தது. 1958இன் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்திக் குத்தகை விவசாயிக்கும் இடமளிக்க முனைந்தது. அதற்கு எழுந்த எதிர்ப்பின் வன்மை, நீரின்மீதான பொறுப்பு என்பது நிலத்தின்மீதான அதிகாரமே என்பதை மெய்ப்பித்தது.

இக்காலத்தில் மழைக்கான விடை கூறும் கடன் மன்னனிடமிருந்தும் பத்தினியிடமிருந்தும் நீங்கித் திணைக்களங்களிடம் சென்றது. இது அறிவு வளர்ச்சியின் விளைவு. இதனை நாம் மறுக்கவியலாது. ஆயின் திணைக்களத்துக்குரிய பொறுப்பு கோப்புகளில் எளிதிற் கரைந்து போவது. 1986ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்து நூறு பேருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். குளக்கோட்டனின் பெயரோடு பிணைந்த குளம் அது. அணையைக் காப்பது தெய்வ கடன் என்ற நம்பிக்கை அங்கு அகன்றிருந்தது. அணையைக் காப்பது மக்களுக்குக் கணக்குக் காட்டவேண்டிய கடன் என்ற உணர்வு அதனிடத்தைப் போதிய வலுவுடன் நிரப்பியிருக்கவில்லை.

7. முடிவுரை

மேலே நாம் நோக்கியவற்றிலிருந்து சில முடிபுகளைப் பெறலாம். இயற்கையின் ஆற்றல்களுக்குத் தாம் கடப்பாடுடையோம் என்ற உணர்வு தமிழர் சமூகத்தில் ஒரே வடிவில் என்றும் இருந்ததில்லை. குழுவாழ்வில் அது அனைவருக்கும் பொதுவாயிருந்தது. பின்னர் அழைக்கப்பட்ட சிலருக்கும் மன்னனுக்கும் உரியதாயிற்று. உழைப்போர் குரல் பெற்றவிடத்து அது மன்னனைக் கேள்வி கேட்கும் கருவியானது. குரலிழந்தவிடத்துப் பெண்ணையும் தொழிலாளரையும் பலிகொண்டது. குளத்தோடும் மடையோடும் கணக்கோடும் இணைந்தபோது அது பயன்தரு செயலாக மலர்ந்தது. எனவே அவ்வுணர்வு நல்லதா தீயதா என்று பொதுப்படக் கேட்பது பயனற்றது. பொறுப்பை வகுப்பவர் யார், சுமப்பவர் யார் என்பதே கேட்கவேண்டிய வினா.

இவ்வினா இன்று புதிய கூர்மை பெற்றுள்ளது. மனிதரின் செயல் வானத்தைப் பாதிக்கும் என்ற தொன்மையான நம்பிக்கை, தொழிற்சாலைப் புகையும் எரிபொருளும் புவியின் வெப்பத்தை உயர்த்துகின்றன என்ற அறிவியல் உண்மையாக வேறொரு பொருளில் நம்மிடம் திரும்பி வந்துள்ளது. 2016, 2017ஆம் ஆண்டுகளில் இந்நாட்டைத் தாக்கிய கடும் வறட்சியில் வயலைக் கைவிட்ட விவசாயி வளிமண்டலத்தில் ஏற்றிய கரியின் அளவு மிகச் சொற்பமே. அதனைப் பெருமளவில் ஏற்றிய நாடுகளும் நிறுவனங்களும் அவ்வயல்களுக்கு வெகுதொலைவில் உள்ளன. இத்தகைய நிலையில், இயற்கையைக் காப்பது ஒவ்வொரு தனிமனிதனின் ஆன்மிகக் கடமை என்று பொதுவாக உபதேசிப்பது, ஆயிரம் பொற்கொல்லரிடம் மன்னனின் கடனை அறவிட்ட பழைய வழக்கத்தின் நாகரிக வடிவமாக அமைந்துவிடக்கூடும். அதே வேளை, விதிகளின்படி இயங்கும் இயற்கைக்கு எவரும் பொறுப்பல்லர் என்று கைவிரிப்பதும் அறிவியலுக்கே மாறானது.

வெள்ளைக்குடி நாகனார் மழையைப் பற்றிய நம்பிக்கை ஒன்றை எடுத்துக்கொண்டு உழவரின் கடன்சுமையைப் பற்றிப் பேசினார். குடபுலவியனார் அதே பொறுப்பைக் குளம் வெட்டும் பணியாக மாற்றினார். அவ்விருவரது வழியும் நமக்கு இன்றும் திறந்தேயுள்ளது. கடப்பாட்டுணர்வை மக்களின் உள்ளத்திலிருந்து களைவது முற்போக்குச் சிந்தனையாளரின் பணியன்று; அதனை உரியவரிடம் கணக்குக் கேட்கும் உணர்வாகவும், நீரையும் நிலத்தையும் கூட்டாகப் பேணும் அமைப்பாகவும் வளர்த்தெடுப்பதே அவர்களது பணியாகும். நமது பிரதேசங்களின் குளங்கள், வாய்க்கால்கள், அவற்றோடு பிணைந்த சடங்குகள், அவற்றைப் பராமரித்த குடிகள் ஆகியன பற்றிய விரிவான கள ஆய்வுகள் அதற்கு முதற்றேவையாகும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இத்துறையில் ஆற்றக்கூடிய பணி பெரிது.